பழைய காரின் பெட்ரோல் கேஜ்: கோளாறு முள்ளிலா, டேங்கிலா?

பெட்ரோல் கேஜின் முள், டேங்க் நிறைவு என்னும் ‘எஃப்’ எழுத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கார் மட்டும் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. பாயின்ட், பம்ப், கார்பரேட்டர் என்று அரை மணி நேரம் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு குச்சியை எடுத்து டேங்குக்குள் விட்டேன். போன மாதிரியே காய்ந்துபோய் வெளியே வந்தது.

என்னுடையது 1950களில் வந்த சின்ன பிரிட்டிஷ் கார். அதற்கு முந்தைய வாரம்தான் டேங்கை இறக்கி, துருவெல்லாம் சுரண்டி, கறுப்புப் பெயின்ட் இரண்டு கோட் அடித்து மாட்டியிருந்தேன். முள் பொய் சொன்னதற்குக் காரணம் அந்தப் பெயின்ட் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. தப்பான முனையிலிருந்து ஆரம்பித்ததுதான் நான் செய்த வேலை. டாஷ்போர்டைப் பிரித்தேன், கேஜை வெளியே எடுத்தேன், அதன் விளிம்பை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினேன். விளிம்பில் விழுந்த கீறல் இன்றும் இருக்கிறது. உள்ளே எல்லாம் பத்திரமாக இருந்தது.

அதனால் கேஜைக் கடைசியாகத் தொடுங்கள். அதற்கு முன்னால் கழற்றாமலே பார்த்துவிடக்கூடிய விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

முதலில் உங்கள் கேஜ் எந்த ரகம்?

இது தெரியாமல் ஒரு வயரைக்கூடக் கழற்ற வேண்டாம். ஏனென்றால் ஒரே சோதனைக்கு இரண்டு ரகமும் நேர்மாறாகப் பதில் சொல்லும்.

பழைய கார்களில் பெரும்பாலும் இரண்டு ரகம்தான். ஒன்று காயில் ரகம். உள்ளே இரண்டு காயில்கள் முள்ளை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். டேங்குக்குள் ஒரு யூனிட் இருக்கிறது: பெட்ரோலோடு ஏறி இறங்கும் மிதவை ஒரு முனையைக் கம்பிச் சுருள் மேல் நகர்த்த, அதன் மின்தடை, அதாவது ஓம், மாறும். அந்த ஓம் மாற மாற, எந்தக் காயில் ஜெயிக்கிறதோ அந்தப் பக்கம் முள் சாயும். இரண்டுக்கும் ஒரே பேட்டரி என்பதால் வோல்ட் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் கணக்கு அவ்வளவாகக் கெடாது. பிரிட்டிஷ் கார்களுக்குக் கேஜ் செய்த ஸ்மித்ஸ் கம்பெனியின் பழைய கேஜ்களும், ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் கேஜ்களும் இந்த வகை.

இன்னொன்று சூட்டில் வேலை செய்யும் பைமெட்டல் ரகம். இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு பட்டை, அதைச் சுற்றி மெல்லிய கம்பி. கரன்ட் ஓடினால் கம்பி சூடாகும், பட்டை வளையும், முள் நகரும். ஃபோர்டு கார்களில் நீண்ட காலம் இருந்தது இதுதான். 1960களின் நடுவில் ஸ்மித்ஸும் இதற்கு மாறியது. சூடு என்பது வோல்ட்டைப் பொறுத்தது. ஆகவே இந்த ரகத்துக்கு வோல்ட்டைச் சீராக வைக்க ஒரு ஸ்டெபிலைசர் தேவைப்பட்டது. ஸ்மித்ஸில் அது 10 வோல்ட், 12 வோல்ட் ஃபோர்டு கார்களில் சராசரி 5 வோல்ட்.

எந்த ரகம் என்று கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். சாவியைத் திருப்பிவிட்டு முள்ளைப் பாருங்கள். சட்டென்று துள்ளி இடத்துக்குப் போனால் காயில். சோம்பலாக, பத்துப் பதினைந்து விநாடி எடுத்துக்கொண்டு ஏறினால் பைமெட்டல். காயில் ரக முள் ஓட்டும்போதும் ஆடும். வளைவில் திரும்பினால் டேங்குக்குள் பெட்ரோல் அலையடிப்பதை அப்படியே காட்டும். முள் அசையவே இல்லை என்றால் காரின் வயரிங் படத்தில் ஸ்டெபிலைசர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டிலும் சேராத பெரியவர்களும் உண்டு. ஃபோர்டு மாடல் டி காரில் சீட்டைத் தூக்கிக் குச்சி விட்டுத்தான் பார்க்க வேண்டும். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் பல வருடம் கேஜே இல்லாமல், ஒரு ரிசர்வ் குழாயை நம்பி ஓடியது. அந்தக் கார்காரர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை, கொடுத்துவைத்தவர்கள்.

கையில் என்ன வேண்டும்

ஒரு மல்டிமீட்டர். காரின் வோல்ட்டுக்குத் தகுந்த பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப் (6 வோல்ட் காருக்கு 6 வோல்ட் பல்பு, 12 வோல்ட் பல்பு மங்கலாக எரிந்து உங்களைக் குழப்பும்). இரண்டு பக்கமும் முதலை கிளிப் போட்ட நீளமான வயர் ஒன்று, காரின் முழு நீளத்துக்கும் எட்டும்படி. அப்புறம் சில ரெசிஸ்டர்கள், 2 வாட்டுக்குக் குறையாமல். தேவையான ஓம் சரியாகக் கிடைக்காவிட்டால் இரண்டைத் தொடராக இணைத்துக்கொள்ளலாம்: 68-உம் 4.7-உம் சேர்ந்தால் ஏறக்குறைய 73, 82-உம் 8.2-உம் சேர்ந்தால் 90.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலையாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளத்தில் தேங்கும். ஆகவே வேலை வெளியிலோ, நன்றாகக் காற்றோடும் இடத்திலோ நடக்கட்டும். டேங்க் திறந்திருக்கும்போது பேட்டரி இணைப்பில் இருக்கவே கூடாது. பொறி வரக்கூடிய சோதனைகள் எல்லாவற்றையும் டாஷ்போர்டு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். டேங்க் வாய் அருகே வயரை உரசிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். தீயணைப்பு சிலிண்டர் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். இதில் நான் யாரோடும் பேரம் பேசுவதில்லை.

கரன்ட் வருகிறதா?

சாவியைப் போட்டு, கேஜின் பின்னால் கரன்ட் வரும் டெர்மினலில் டெஸ்ட் லேம்பை வையுங்கள். பழைய ஸ்மித்ஸ் கேஜில் ‘பி’ என்ற எழுத்து பேட்டரி பக்கம், ‘டி’ டேங்க் பக்கம். பல்பு நின்று எரிந்தால் நல்லது. எரியவில்லை என்றால் ஃப்யூஸ், அதன் கிளிப்பில் பிடித்த பச்சைக் களிம்பு, லூசான வயர். அந்த ஃப்யூஸிலேயே வேறு ஏதாவது ஓடினால், வைப்பரோ ஹார்னோ, அது வேலை செய்கிறதா என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

பைமெட்டல் ரகத்தில் பல்பு அணைந்து அணைந்து எரியலாம். பழைய ஸ்டெபிலைசர் 10 வோல்ட்டை நேராகத் தருவதில்லை. உள்ளே ஒரு பட்டை சூடாகி விலகி, ஆறி மறுபடி தொட்டு, பேட்டரி வோல்ட்டையே விட்டு விட்டுக் கொடுக்கும். சராசரிதான் 10. டிஜிட்டல் மீட்டரில் எண்கள் தாவிக்கொண்டே இருக்கும், பயப்பட வேண்டாம்; முள் வைத்த பழைய மீட்டர் இதற்கு உகந்தது. பல்பு சிமிட்டாமல் நின்றே எரிந்தால் ஸ்டெபிலைசர் ஒட்டிக்கொண்டுவிட்டது, அல்லது அதன் உடம்புக்கு எர்த் (கரன்ட் காரின் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) இல்லை. அப்போது பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே அதிகமாகக் காட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் பொய் சொன்னால் டேங்க் பக்கமே போக வேண்டாம்; அந்த இரண்டுக்கும் பொதுவான ஆள் ஸ்டெபிலைசர்.

அதைக் கழற்றினால் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய பட்டை ரகம் சாய்த்து மாட்டினால் அளவு மாறும். அதற்குப் பதிலாக எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசர் வாங்குகிறவர்கள் காரில் பாடியோடு இணைத்த பேட்டரி முனை பாசிட்டிவா நெகட்டிவா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். பழசுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. புதுசு மாற்றி இணைத்த உடனே போய்ச்சேரும்.

வயரைக் கழற்றிப் பார்ப்பது

எல்லாச் சோதனையிலும் எனக்குப் பிடித்தது இதுதான். ஒரு நிமிட வேலை, ஆனால் பாதிக் காரைக் கணக்கிலிருந்து நீக்கிவிடும். கேஜில் டேங்குக்குப் போகும் வயரை கேஜ் முனையிலேயே கழற்றுங்கள். சாவியைப் போடுங்கள்.

காயில் ரகம் என்றால் முள் ‘எஃப்’பையும் தாண்டி ஓடிப் படுத்துக்கொள்ள வேண்டும். இப்போது அந்த டெர்மினலை ஒரு வயரால் எர்த்தில் தொட்டால், காலி என்னும் ‘ஈ’க்கு விழ வேண்டும். இரண்டும் நடந்தால் கேஜ் பிழைத்தது. நடக்கவில்லை என்றால் கேஜை உடனே குற்றவாளி ஆக்கிவிடாமல், அதன் உடம்புக்கு ஒரு வயரால் எர்த் கொடுத்து மறுபடி பாருங்கள். காயில் ரகத்தில் கேஜின் உடம்பும் எர்த் ஆக வேண்டும். பெயின்ட் அடித்த டாஷ்போர்டில் அது அடிக்கடி விட்டுப்போகும்.

பைமெட்டல் ரகத்தில் எல்லாம் தலைகீழ். வயரைக் கழற்றினால் முள் ‘ஈ’யில் கிடக்கும். எர்த்தில் தொட்டால் மெல்ல ஏறும். முழுதாக ஏறட்டும் என்று காத்திருக்காதீர்கள். நேராக எர்த் ஆகும்போது கேஜுக்குள் தாங்க முடியாத கரன்ட் ஓடுகிறது. பாதியைத் தாண்டியதும் வயரை எடுத்துவிடுங்கள். இன்னும் பத்திரமாகச் செய்ய வேண்டும் என்றால் நேர் வயருக்குப் பதில் 10 அல்லது 20 ஓம் ரெசிஸ்டரை நடுவில் வையுங்கள். பைமெட்டல் கேஜுக்கு 12 வோல்ட் பேட்டரியை நேராகக் கொடுத்துப் பார்ப்பது சோதனை அல்ல, சவ அடக்கம்.

ஜெர்மன் கம்பெனியான வி.டி.ஓ.வின் கேஜ்களில் ஒரு வகைக்குக் காலி டேங்கில் 10 ஓம், நிறைந்த டேங்கில் 180 ஓம். ஆகவே அது காயில் ரகம் மாதிரியே பதில் சொல்லும்: எர்த்தில் தொட்டால் ‘ஈ’.

கேஜ் பாஸ் ஆகிவிட்டதா? வயரை மறுபடி மாட்டிவிட்டு, டேங்க் முனையில் கழற்றுங்கள் (சாவி அணைந்திருக்கட்டும், பிறகு உள்ளே வந்து போடுங்கள்). கேஜ் முன்பு காட்டிய அதே பதிலைக் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் நடுவில் ஓடும் வயரில் கோளாறு. கம்பளத்துக்கு அடியில், கதவு வாசல் தகட்டுக்குக் கீழே, டிக்கியின் ஓரத்தில் தகரம் மடியும் இடத்தில் தேடுங்கள். இன்சுலேஷன் தேய்ந்து தகரத்தைத் தொட்டால் காயில் ரகம் எப்போதும் காலி என்னும், பைமெட்டல் எப்போதும் நிறைவு என்னும்.

எர்த்

இப்போது என் பெயின்ட் கதைக்கு வருகிறேன். சாவியை அணைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, டேங்க் யூனிட்டின் வயரையும் கழற்றிவிட்டு, மீட்டரை ஓமில் வைத்தேன். ஒரு முனை யூனிட் டெர்மினலில், இன்னொன்று யூனிட்டின் உலோகத் தட்டில். மூன்று ஓம். டேங்க் காலி, காலிக்கு அது சரியான அளவு. அப்புறம் தட்டில் இருந்த முனையை எடுத்து, காரின் பாடியில் சுத்தமான ஒரு போல்ட் மேல் வைத்தேன். மீட்டர் கை விரித்துவிட்டது, அளவே இல்லை.

டேங்கில் இரண்டு கோட் பெயின்ட். டேங்கைத் தாங்கும் பட்டைகளுக்கு அடியில் புது ரப்பர். போல்ட்டுகளிலும் பெயின்ட். டேங்க் காரில் இருந்ததே தவிர, காரைத் தொடவில்லை. யூனிட்டின் கரன்ட் திரும்பி வர வழி இல்லாததால், வயரைக் கழற்றிவிட்ட மாதிரிதான் கேஜுக்குத் தெரிந்தது. அதனால் ‘எஃப்’. இதே கோளாறு பைமெட்டல் காரில் வந்திருந்தால் முள் ‘ஈ’யில் கிடந்திருக்கும், நானும் நடுத்தெருவில் நின்றிருக்க மாட்டேன்.

யூனிட்டின் ஒரு ஸ்க்ரூவுக்கு அடியில் ஒரு வளைய டெர்மினலை வைத்து, அதிலிருந்து ஒரு கறுப்பு வயரை டிக்கித் தரையில் உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கிய இடத்துக்கு இழுத்தேன். மறுபடி அளந்தால் பாடிக்கும் தட்டுக்கும் இடையே ஒரு ஓமுக்கும் கீழே. வேலை அவ்வளவுதான். பழுது இல்லாத காரிலும் இந்த வயரைப் போட்டுவிடலாம். டேங்கைத் தாங்கும் பட்டையையும் துருப்பிடித்த போல்ட்டையும் எர்த்துக்கு நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எர்த் பாதி மட்டும் இருந்தால் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். இருபது ஓம் துரு இருந்தால் முள் முழுதாகப் பொய் சொல்லாது. எப்போதும் கால் டேங்க் தள்ளிக் காட்டும். அதை யூனிட் பழுது என்று நினைத்து மாற்றுகிறவர்கள் உண்டு.

யூனிட்டை வெளியே எடுத்தால்

எர்த்தும் வயரும் சரி என்றால் யூனிட்டைத்தான் எடுக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றுங்கள். யூனிட் டேங்கின் பக்கவாட்டில் இருந்தால் பெட்ரோலை அதற்குக் கீழே இறக்கிவிட்டுத் திறங்கள். நான் சொல்வதன் அர்த்தம் சட்டைக் கை நனைந்தவர்களுக்குப் புரியும். ஸ்க்ரூ இல்லாமல் திருகும் வளையம் இருந்தால் இரும்பு உளி வேண்டாம், பித்தளைத் துண்டோ மரக்கட்டையோ வைத்துத் தட்டுங்கள். எந்தத் துளை மேலே இருந்தது என்று குறியிட்டுவிட்டு, மிதவைக் கம்பி வளையாமல் சாய்த்து வெளியே எடுங்கள். கார்க் கேஸ்கெட் திரும்ப உதவாது, புதுசு வைத்துக்கொள்ளுங்கள். யூனிட்டை டேங்கிலிருந்து தள்ளி வேறு மேஜைக்குக் கொண்டுபோய், டேங்க் வாயை மூடிவிடுங்கள்.

மீட்டரின் ஒரு முனையை டெர்மினலில், இன்னொன்றை உடம்பில் மாட்டி, மிதவையை அடியிலிருந்து மேலே விரலால் மெல்லத் தூக்குங்கள். எண்கள் படிப்படியாக மாற வேண்டும். என் யூனிட் 3, 9, 16, 24 என்று ஒழுங்காக ஏறிவந்து, பாதிக்குக் கொஞ்சம் முன்னால் திடீரென்று அளவில்லாமல் போய், ஒரு மயிரிழை தள்ளியதும் 38 என்று திரும்பி வந்தது. அந்த இடத்தில் கம்பியின் மேல் பழுப்பு நிற அரக்கு மாதிரி ஒன்று படிந்திருந்தது. பழைய பெட்ரோல் காய்ந்த கறை. கான்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய துணியால் கம்பியின் போக்கிலேயே துடைத்தேன். உப்புத்தாளைக் கொண்டுபோகாதீர்கள், அந்தக் கம்பி தலைமுடி அளவு, ஒரு சுற்று அறுந்தால் யூனிட்டே போச்சு. நகரும் முனை தளர்ந்திருந்தால் ஊசி மூக்குக் குறடால் கம்பியின் பக்கம் கொஞ்சம் அழுத்திவிடலாம்.

எந்த எண்கள் வர வேண்டும்? ஜெனரல் மோட்டார்ஸில் 1960களின் நடுப்பகுதி வரை காலிக்கு 0, நிறைவுக்கு 30 ஓம். பிறகு 0 முதல் 90. பழைய ஃபோர்டில் காலி 73, நிறைவு 10. அமெரிக்கக் கேஜ் கம்பெனியான ஸ்டூவர்ட் வார்னரில் காலி 240, நிறைவு 33. மற்ற கார்களுக்கு அந்தந்த மேனுவலைப் பாருங்கள். யூனிட்டை யாராவது முன்பே மாற்றியிருந்தால் இந்த எண்களை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். 0-30 கேஜோடு 0-90 யூனிட்டை மாட்டினால், டேங்க் மூன்றில் ஒரு பங்குக்கு வரும்வரை முள் நிறைவிலேயே நிற்கும், அதன் பிறகு மடமடவென்று விழும். டேங்க் நிறைய நிறைய முள் இறங்கினால் ஃபோர்டு எண்கள் உள்ள யூனிட் தவறான காரில் உட்கார்ந்திருக்கிறது.

மிதவையையும் விட்டுவிடாதீர்கள். ஓம் எல்லாம் சரியாக இருந்தும் முள் காலியிலேயே கிடந்தால் மிதவை முழுகியிருக்கும். பித்தளை மிதவையைக் காதோரம் வைத்து ஆட்டுங்கள். உள்ளே சளக் சளக் என்றால் பெட்ரோல் புகுந்துவிட்டது. துளை எங்கே என்று பார்க்க, அடுப்புக்கு வெகு தூரத்தில், ஒரு பாத்திரத்தில் ஊற்றிய வெந்நீரில் முக்கிப் பிடியுங்கள். உள்ளிருக்கும் காற்று விரிந்து, ஓட்டை வழியாக ஊசிமுனைக் குமிழிகளாக வரிசை கட்டி வரும். குமிழி வரும் இடத்தைக் கீறி அடையாளம் வையுங்கள். உள்ளே இருக்கும் பெட்ரோலை முழுக்க வெளியேற்றி, மறுபடி மறுபடி வெந்நீரில் போட்டு வாசனையே இல்லாமல் ஆன பிறகுதான் ஈயப் பற்று வைக்க வேண்டும். அதுவும் மின்சார சால்டரிங் அயர்னால், தீயால் அல்ல. உண்மையைச் சொன்னால் புது மிதவை வாங்குவதே மேல். தக்கை மிதவை என்றால் அதன் மேல் பூசிய ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சைப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஷெல்லாக்கைக் கரைத்துவிடும். தக்கை ஊறிக் கனத்துவிடும்.

கடைசியாகக் கேஜ்

இதுவரை எல்லாம் தேறினால்தான் டாஷ்போர்டைப் பிரிக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு எடுங்கள், பல்பு வயர்களில் ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுங்கள்.

மேஜையில் டேங்க் யூனிட்டுக்குப் பதில் ரெசிஸ்டரை வைத்துப் பார்ப்பதுதான் சோதனை. காயில் கேஜுக்கு ‘பி’யில் பேட்டரி, உடம்புக்கு எர்த், ‘டி’யிலிருந்து ரெசிஸ்டர் வழியாக எர்த். 0-90 கேஜ் என்றால் 90 ஓமில் ‘எஃப்’, 47 ஓமில் நடுவே, நேர் வயரில் ‘ஈ’. கேஜைக் காரில் இருக்கும் மாதிரி நிமிர்த்திப் பிடியுங்கள். படுக்கப்போட்டால் முள் வேறு கணக்குச் சொல்லும்.

பைமெட்டல் கேஜுக்கு உடம்பு எர்த் வேண்டாம். 12 வோல்ட் கால ஃபோர்டு கேஜ் என்றால் போன் சார்ஜர் தரும் 5 வோல்ட்டே போதும்: ஒரு டெர்மினலில் 5 வோல்ட், இன்னொன்றிலிருந்து 73 ஓம் வழியாகத் திரும்பினால் ‘ஈ’, 10 ஓம் வழியாக ‘எஃப்’. ஒவ்வொரு முறையும் முழு ஒரு நிமிடம் கொடுங்கள், அதற்குச் சூடேற நேரம் வேண்டும். முள் அசையவே இல்லை என்றால் உள்ளே சுற்றிய கம்பி அறுந்துவிட்டது. அதைச் சரிசெய்ய நான் முயன்றதில்லை, முயலப்போவதும் இல்லை.

எல்லாம் மாட்டிய பிறகு சமதளத்தில் காரை நிறுத்தி, கிட்டத்தட்டக் காலியான டேங்கில் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் காரை ஒரு தடவை குலுக்கிவிட்டு, முள் எங்கே நிற்கிறது என்று ஓர் அட்டையில் வரைந்துகொள்ளுங்கள். காலிப் பக்கம் தள்ளிக் காட்டினால் மிதவைக் கம்பியைக் கொஞ்சம் வளைக்கலாம். வளைக்கும்போது நகரும் முனைக்கு அருகில் குறடால் பிடித்துக்கொண்டு, அதற்கு வெளியே வளையுங்கள், இல்லையென்றால் அழுத்தம் எல்லாம் அந்தச் சின்னக் கம்பிச் சுருள் மேல் இறங்கும். என் காரில் முள் ‘ஈ’யைத் தொடும்போது டேங்கில் இன்னும் நான்கு லிட்டர் இருக்கும்படி வைத்திருக்கிறேன். அந்த அட்டை கிளவ் பாக்ஸிலும், குச்சி டிக்கியிலும் இருக்கின்றன.